அம்மாவுக்கும் அம்மாசிக்கும் நடுவே ஒரு கோடு

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுபஸ்ரீக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு, சௌக்கியமாக இருக்கிறோம். உன் ஊரில் இன்னும் பனி உருகவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே பங்குனி பிறந்ததுமே மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. காவிரியில் மணல்தான் ஓடுகிறது. நீ காதை மூடும் குல்லாயைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ஏன் இவ்வளவு நீளமாக மெயில் எழுதுகிறீர்கள், வாட்ஸ்அப்பில் நாலு வார்த்தை போட்டால் போதாதா என்று கேட்டிருந்தாய். நாலு வார்த்தையில் பேசி முடிக்கிறவனாக என்றைக்கு இருந்தேன்? போன் என்றால் நீ அந்தப் பக்கம் பேசுகிறாய், இந்தப் பக்கம் குரல்வளையை எடுத்த என் கழுத்து ஓட்டையில் மூச்சு வந்துபோகும் சத்தம் மட்டும் கேட்கிறது, உடனே உனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஒரு குடும்பத்தில் ஒருத்தருக்குத் தொண்டை போனது போதும். அதனால் கடிதம்தான்.

உடம்புக்குக் குறையில்லை. காலையும் மாலையும் ஆவி பிடிக்கிறேன். ஓட்டையைத் துடைப்பதும் குழாயைக் கழுவிப் போடுவதும் அம்மாவின் வேலை. முசிறியிலிருந்து உன் மாமா சுரேஷ்குமார் பஸ்ஸில் ஒரு பூவன் வாழைத்தார் போட்டு அனுப்பினான். இறங்க வேண்டிய தார் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போய், அதை மீட்டுக்கொண்டு வருவதற்குள் பாதி கனிந்துவிட்டது. எனக்கு அது வசதிதான், விழுங்க எளிது.

எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை எப்படி என்று கேட்டாய். கைலாசபுரம் தொழிற்சாலையில் இருந்த காலமெல்லாம் கிரேன் கேபினில் உட்கார்ந்து, கீழே நிற்பவனின் கையைப் பார்த்தே வேலை செய்தவன் நான். அந்தச் சத்தத்தில் வாய் பேசி என்ன பிரயோஜனம்? அதே கை இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறது. கையை மூடிக் காட்டினால் சோறு போதும். விரலை மேலே சுழற்றினால் டிவி சத்தத்தைக் கூட்டு. அம்மா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டாள். சில சமயம் அவளும் வாயைத் திறக்காமல் கையாலேயே பதில் சொல்கிறாள், எனக்குக் காதும் போய்விட்டது என்ற நினைப்பில்.

இனி உன் பக்கெட் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் படங்களையும் பதிவுகளையும் நீ இணையத்தில் போட்டுவைத்திருக்கும் பக்கெட். இணையப் பக்கத்தில் ஒவ்வொரு படமாகத் தேர்ந்தெடுத்து அழிக்க ஆயுள் போதாது, கறுப்புத் திரையில் ஒரே வரி தட்டினால் அத்தனையும் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். நீ அதைச் சௌகரியம் என்கிறாய். எனக்கு அதுதான் பயம். எல்எஸ் என்றால் இருப்பதைக் காட்டு, சிபி என்றால் நகல் எடு, ஆர்எம் என்றால் அழி. வார்த்தையை முழுசாகச் சொல்ல இவர்களுக்கு என்ன கேடு? எனக்காவது குரல் இல்லை.

அந்தப் பக்கெட்டு எங்கேதாங்க இருக்கு என்று அம்மா கேட்டாள். மும்பையில் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவ வெளிநாட்டுல, நாம ஸ்ரீரங்கத்துல, போட்டோ மட்டும் எதுக்கு மும்பையில கிடக்குது என்றாள். பக்கெட் கம்பெனிக்காரனின் கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறது என்று எழுதினேன்.

எனக்கே தலை சுற்றுகிற இடம் வேறு. அதற்குள் அறை இல்லை, அலமாரி இல்லை, எல்லாம் ஒரே குவியல், பெயர்தான் ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்கிறது என்கிறாய். திரையில் அலமாரி மாதிரித் தெரிகிறதே என்றால், அது பெயரை அப்படிக் காட்டுகிறது, அவ்வளவுதான் என்கிறாய். இல்லாத அலமாரியைக் காட்டும் மிஷினை நான் எப்படி நம்புவது? இந்த ஒரு பத்தியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று அம்மாவைக் கேள். உதடு அசையுது, சத்தம்தான் வரல என்று கிண்டல் செய்கிறாள்.

எனக்குப் புரிந்த அளவில் அந்தக் குவியலில் இரண்டு வகைச் சரக்கு. ஒன்று, அம்மாவின் போனிலிருந்து தானாக ஏறிய காலை வணக்கப் படங்கள், ரோஜாப் பூ, பிள்ளையார், இலவச ஆலோசனை. அவற்றின் பெயரெல்லாம் அம்மா என்று தொடங்கும்படி நீ வைத்திருக்கிறாய். அவளுடைய நல்ல போட்டோக்களை நீ முன்பே உன் பக்கம் எடுத்துக்கொண்டுவிட்டாய். மிச்சம் இருப்பது குப்பை, அதைத்தான் அழிக்கச் சொல்கிறாய்.

இன்னொன்று, என் குரல். ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இக்ரா என்ற பெண் என்னை உட்காரவைத்துப் பதிவு செய்தது. பேப்பர் படித்தேன், பஸ் ஸ்டாப் பெயர்களைச் சொன்னேன், வீட்டில் பேசும் பேச்செல்லாம் பேசினேன். அந்தப் பெண் நோயாளியின் பெயரைத்தான் போட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அம்மாசி என்று வைத்தது. அமாவாசையன்று பிறந்ததற்கு என் தகப்பனார் வைத்த பெயர் மும்பை வரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நகல் வைத்துக்கொள்வதில்லையாம், வீட்டு ஆட்களிடமே கொடுத்துவிடுகிறார்கள், நீ அதை அப்படியே பக்கெட்டில் ஏற்றிவிட்டாய். அதைக் கொண்டு என் குரலிலேயே பேசும் மிஷின் செய்யலாம், நான் தட்டினால் அது பேசும் என்று நீ ஆசைப்படுகிறாய். எதுக்குங்க அதெல்லாம், உங்க கை சொல்றதே எனக்குப் போதும் என்கிறாள் அம்மா. நீ கேட்டால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

சும்மா இருந்தால் என் மனம் கெடும் என்றுதான் இந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்கிறேன். உன் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். இந்த வாரமே அம்மாவின் ரோஜாப் பூக்களுக்கு முடிவு கட்டிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
அம்மாசி

*

ஸ்ரீரங்கம்,
வியாழக்கிழமை

அன்பு மகள் சுபஸ்ரீக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்த வரியை முதலில் எழுதிவிடுகிறேன், அடுத்ததைப் படித்துவிட்டு நீ பதறக்கூடாது. என் குரல் போய்விட்டது. ஒரு முறை கழுத்திலிருந்து போனது, நேற்று பக்கெட்டிலிருந்தும் போய்விட்டது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. என்ன நடந்தது என்று எனக்கே நிச்சயமில்லை.

புதன்கிழமை காலை இட்லி முடித்து, ஆவி பிடித்து, லேப்டாப்பைத் திறந்தேன். நீ சொன்னபடி முதலில் ஒத்திகை பார்த்தேன். அழிக்காதே, எதை அழிக்கப் போகிறாய் என்று மட்டும் காட்டு என்பதற்கு ஒரு வார்த்தை கொடுத்திருந்தாயே, அதைச் சேர்த்துத் தட்டினேன். பெயர்கள் சரசரவென்று மேலே ஓடின. அம்மா, அம்மா, அம்மா. எல்லாம் அவள் சரக்குதான் என்று எனக்குத் திருப்தி. ஓட்டம் நின்றபோது திரையின் அடியில் வரிசையாக அம்மாசி, அம்மாசி என்று இருந்தது.

சுபா, சிரிக்காதே. அதை நான் கையெழுத்து என்று நினைத்தேன்.

கிரேனில் ஒரு பாரம் தூக்கினால் வேலைச் சீட்டின் அடியில் தூக்கியவன் பெயர் இருக்கும். நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் அல்லவா? இந்த லேப்டாப்பும் திறந்ததுமே அம்மாசி என்றுதான் என்னை வரவேற்கிறது, நீதான் அப்படி வைத்துக் கொடுத்தாய். ஆகவே உத்தரவு போட்டவன் அம்மாசி என்று மிஷின் பொறுப்பு எழுதிவைக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒழுங்கான மிஷின் என்று மனதுக்குள் மெச்சவும் செய்தேன். பிறகு ஒத்திகை வார்த்தையை எடுத்துவிட்டு நிஜமாகத் தட்டினேன். அழிந்தது, அழிந்தது என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போனது. நான் காப்பி குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இக்ராவிடமிருந்து மெசேஜ் வந்தது. அங்கிள், குரல் செய்யறவங்க ஒரே ஒரு சாம்பிள் கேக்கறாங்க, அனுப்பறீங்களா என்று. எல்எஸ் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. தப்பாகத் தட்டிவிட்டேன் என்று மறுபடியும் தட்டினேன். கர்சர் மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

அப்புறம்தான் உன் மெயிலையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா என்பதற்கும், பின்னால் எது வந்தாலும் சேர்த்துக்கொள் என்று சொல்லும் நட்சத்திரக் குறிக்கும் நடுவே நீ ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறாய். உன் மெயிலில் சரியாக அந்த இடத்தில் வரி மடங்கியிருந்தது. வார்த்தை பாதியில் உடைந்தால் ஓரத்தில் கோடு போட்டு அடுத்த வரிக்குப் போவார்களே, அந்தக் கோடு என்று நினைத்து, தாளில் எழுதும்போது விட்டுவிட்டேன். அம்மா, அதற்குப் பின்னால் என்ன வந்தாலும் சரி என்று நான் உத்தரவு போட்டிருக்கிறேன். சி என்ற எழுத்து வந்தாலும் சரிதானே. மிஷின் மேல் தப்பில்லை. அம்மாவுக்கும் அம்மாசிக்கும் நடுவே அந்தக் கோடு ஒன்றுதான் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. கறுப்புத் திரையில் பக்கெட் காலி என்று வருகிறது. இணையப் பக்கத்தில் போய் மொத்தக் கனம் எவ்வளவு என்று பார்த்தால், இன்று காலையிலும் குறையவே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் கனம் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? மிஷினுக்கு விவரம் போய்ச் சேரவில்லையா, இல்லை எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? கொக்கியில் பாரம் இல்லாமல் எடை முள் மட்டும் ஏறி நிற்பதை என் சர்வீஸில் பார்த்ததே இல்லை.

மாடி வீட்டு ராஜகோபாலன் சுவாமி கீழே வந்தார். பங்குனி உத்திரச் சேர்த்தி உற்சவத்துக்கு அவர் வீட்டில் உறவுக்காரர்கள் வருகிறார்கள், தண்ணீர் மோட்டாரைக் கொஞ்சம் கூட நேரம் போடலாமா என்று கேட்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அடியேனுக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாசாரம் ஒண்ணும் தெரியாது, ஆனா மறைஞ்சிருக்குமே ஒழிய நாசமாயிருக்காது, கவலைப்படாதீங்கோ, எல்லாம் பெருமாள் திருவுள்ளம் என்றார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் திருவுள்ளம் வேறு, ஆர்எம் வேறு. மோட்டாரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பிவைத்தேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவளுக்குத்தான் இந்த மிஷினே பிடிக்காதே, போனால் போகிறது என்று ஒரு வரியில் விட்டுவிடுவாள் என்று எண்ணினேன். எழுதிக் காட்டியதும் சிலேட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். ஒண்ணுகூடவா இல்ல என்று கேட்டாள். நான் கையை விரித்தேன். உள்ளே போய்த் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். இருக்கிற வீடியோ ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டாள். உன் கல்யாணம், கொள்ளிடத்தில் வெள்ளம் பார்க்கப் போனது, திருவெள்ளறைக் கோயில், எல்லாவற்றிலும் நீ பேசுகிறாய், அவள் பேசுகிறாள், மாமா சிரிக்கிறான். என் சத்தம் இல்லை. வீடியோ எடுத்தவன் நான். ஒரு வீடியோவில் நான் ஏதோ ஆரம்பிக்கிறேன், அதற்குள் பேசாதீங்க, உங்க சத்தம்தான் பெருசா விழுது என்று அவளே அடக்குகிறாள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அப்புறம் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அழுதாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, சுபா. வேண்டாம் என்று சொன்னவள் எதற்காக அழ வேண்டும்? தேற்றலாம் என்றால் கையால் எப்படித் தேற்றுவது? கிரேனில் அதற்கு சைகை இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன்னிடம் ஒரு நகலாவது இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். இருந்தால் உடனே சொல். இல்லை என்றாலும் உண்மையைச் சொல், எனக்காகப் பூசி மெழுகிப் பேச வேண்டாம். அவசரப்பட்டு டிக்கெட் போட்டு ஓடிவராதே. இதற்கெல்லாம் லீவு கேட்டால் உன் ஆபீஸில் என்ன காரணம் சொல்வாய்?

நீ எனக்குக் கொடுத்தது ஒரு சின்ன வேலை. அதையே இப்படிச் செய்துவைத்திருக்கிறேன். கோபப்பட்டால் பட்டுக்கொள், ஆனால் இரண்டு வேளையும் சாப்பிட்டுவிட்டுப் படு.

உன் அப்பா,
அம்மாசி

*

ஸ்ரீரங்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுபஸ்ரீக்கு,

நேற்று உன் முகத்தைத் திரையில் அவ்வளவு நேரம் பார்த்தேன், இருந்தும் சொல்ல வேண்டியது எதையும் சொல்லவில்லை. வீடியோவில் நான் சிலேட்டைக் காட்டினால் உனக்கு எழுத்து மங்கித் தெரிகிறது என்கிறாய். அதனால் மறுபடியும் கடிதம்.

உன் பதில் வந்த அன்று என் மண்டை இருந்த நிலையைச் சொல்கிறேன். உன்னிடம் நகல் இல்லை என்ற வரியில் எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துவிட்டது. அடுத்த வரியில், அழிந்தது அழியவில்லை என்று எழுதியிருக்கிறாய். பழையதையும் பத்திரமாக வைத்திரு என்று பக்கெட்டைத் திறக்கும்போதே நீ சொல்லிவைத்திருக்கிறாய். அதனால் ஆர்எம் அடித்தபோது அது எதையும் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றின் மேலும் அழிந்தது என்று ஒரு குறியை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது. எல்எஸ் வந்து குறியைப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. கனம் குறையாததற்கும் அதுதான் காரணம். மறைந்திருக்கும், நாசமாயிருக்காது என்று ராஜகோபாலன் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. அவரிடம் இதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

இது வரைக்கும் சரி. அதற்கப்புறம் எழுதியிருந்தாயே, அதுதான் என்னை ஆட்டிவைத்தது. குரல் திரும்பி வர வேண்டுமானால் அந்தக் குறியை அழிக்க வேண்டும் என்கிறாய். அழிக்கிற உத்தரவையே மறுபடி போட வேண்டுமாம். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நீள நீளமான எண்கள். ஒன்று குறியுடையது, மற்றொன்று குரலுடையது. குறியின் எண்ணைக் கொடுத்து அழித்தால் குரல் வரும். குரலின் எண்ணைக் கொடுத்து அழித்தால் மேலே குறி, கீழே ஒன்றுமில்லை, அப்புறம் யார் நினைத்தாலும் முடியாது. ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் ஒரு மாதத்தில் மிஷினே கூட்டித் தள்ளிவிடும். சுபா, ஒரு கோட்டைக் கவனிக்காதவனிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுக்கலாமா?

அம்மாசி பதிவுகளின் குறிகளை மட்டும் பொறுக்கி எடுத்து அழிக்கிற மாதிரி ஒரே வரியாக எழுதி அனுப்பினாய். அதைப் பார்த்துக்கொண்டு வாரக் கடைசி முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அதில் அழி என்ற வார்த்தை இரண்டு இடத்தில் இருந்தது. நீயே தட்டிவிடு என்று எழுதினேன். நீங்களே செய்ங்கப்பா, நான் பாத்துக்கிட்டே இருக்கேன் என்று பதில் போட்டாய். உன்னால் அங்கிருந்தே செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும். பிறகு எதற்கு என்னை இழுக்கிறாள் என்று முதலில் எரிச்சலாக வந்தது. யோசித்ததில் புரிந்துவிட்டது, கெடுத்தவன் கையாலேயே சரிசெய்ய வைக்கிறாய். புரியாத மாதிரியே இருந்துவிட்டேன், அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

நேற்று நீ திரையில் இருந்தாய், அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஒத்திகையைத் தட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தேன். அம்மாசி என்று இருந்தால் அது நான்தான், கையெழுத்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறி, குறி, குறி என்றுதான் எல்லா வரியும் இருந்தது. நீ தலையை ஆட்டினாய். நிஜ உத்தரவை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். தட்டினேன். அழிந்தது, அழிந்தது என்று முன்னே வந்த அதே வரிகள் வந்தன. அம்மா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. எல்எஸ் தட்டியதும் என் பெயர் திரை முழுக்க இறங்கியது. நீ அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாச்சுப்பா என்று போய்விட்டாய். அழித்ததை அழித்தால் எப்படித் திரும்பி வருகிறது என்பது எனக்கு இன்னமும் முழுசாக விளங்கவில்லை. வந்துவிட்டது, போதும்.

அம்மாவின் காலை வணக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அவள் கவலைப்படவும் இல்லை. இன்று காலைக்குள் புதிதாக நிறைய வந்துவிட்டன.

நடுவில் ஒரு விஷயம். போன வாரம் டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தாடைக்குக் கீழே கைக்குச் சின்னதாக ஒன்று தட்டுப்படுகிறது, உத்திரம் முடிந்ததும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றார். வழக்கமான சோதனைதான். அம்மாவிடம் பல்லுக்காகப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

இனி இந்தக் கடிதத்தை எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதைச் சொல்கிறேன். நீ போன பிறகு அம்மா அடுப்பைக் கவனிக்கப் போனாள். நான் தனியாக இருந்தேன். வந்தது நிஜமாகவே நான்தானா என்று பார்க்க ஒரு பதிவைத் திறந்தேன். எது என்று பெயர் பார்க்கவில்லை. வீட்டில் பேசும் பேச்சு என்று இக்ரா கேட்டபோது சொன்னது போலிருக்கிறது. மயிலு, கொஞ்சம் தண்ணி கொண்டா என்று என் குரல் கூப்பிட்டது. லேப்டாப்பில் சத்தம் முழுசாக வைத்திருந்தேன்.

இதோ வரேங்க என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

சொம்பில் தண்ணீரோடு வந்துவிட்டாள், சுபா. வாசற்படி தாண்டி என்னைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் கையை எடுத்தேன். கொண்டாந்தது கொண்டாந்ததுதானே, குடிங்க என்று சொம்பை நீட்டினாள். குடித்தேன். காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. குக்கர் சத்தம் போட்டும் அணைக்கவில்லை, நான்தான் போய் அணைத்தேன். சாப்பிடும்போது, அந்த மிஷின் எப்பங்க வரும் என்று கேட்டாள். குரலில் ஒரு அவசரம் இருந்தது. முன்னே வேண்டாம் என்றவள் அவள்தான்.

எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. என் குரல் கூப்பிட்டால் அவள் வருவாள் என்பது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்காமலே வருவாள் என்பதை நேற்றுதான் பார்த்தேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். மிஷினுக்கு எல்லாப் பதிவையும் கொடு. பேப்பர், பஸ் ஸ்டாப், கணக்கு, வசவு எல்லாம் கொடு. மயிலு என்று நான் கூப்பிடும் பதிவுகளை மட்டும் கொடுக்காதே. அழித்துவிடாதே, அழிப்பதைப் பற்றி எனக்கு இனி நம்பிக்கை இல்லை. என் பெயரிலிருந்து எடுத்து, உன் பெயரில், உன்னிடமே வைத்துக்கொள். நான் இருக்கும் வரை அவளை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டுக்கொள்கிறேன். மயிலு என்ற சத்தத்துக்கு அவள் தண்ணீர் கொண்டுவந்தால், வாங்கிக் குடிக்க ஒரு ஆள் இருக்க வேண்டும், சுபா.

ஸ்கேன் தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். அப்போது உனக்கு லீவு கிடைக்குமா என்று மட்டும் பார்த்துவை. நீ நீண்ட ஆயுசோடு, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும்.

உன் அப்பா,
அம்மாசி